தொழில்நுட்பத்தில் பெண்களுக்கான விருதுகள்: பரிந்துரை எழுதுவது எப்படி

1969-இல் அமெரிக்காவில் தரவுச் செயலாக்க மேலாளர்களின் சங்கம் ஒன்று கணினித் துறைக்கென்று புதிதாக ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் ஆளாகக் கிரேஸ் ஹாப்பருக்குக் கொடுத்தது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் என்ற யோசனையைச் செய்தே காட்டியவர், கோபோல் என்ற நிரல் மொழிக்கு அடித்தளம் போட்டவர், கடற்படை அதிகாரி. தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விருதின் பெயர்தான் 'மேன் ஆஃப் தி இயர்', அதாவது ஆண்டின் சிறந்த ஆண்.

பெயர் வைத்தவர்களுக்கு இதை ஒரு பெண் வாங்குவார் என்று தோன்றியிருக்காது. இன்றைக்குத் தொழில்நுட்பத் துறையில் தலைமை ஏற்ற பெண்களுக்கும், அந்தத் தொழில்நுட்பத்தை வைத்துச் சமூகத்துக்கு உருப்படியாக எதையாவது செய்த பெண்களுக்கும் என்றே விருதுகள் இருக்கின்றன. ஆனால் அவை தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. யாராவது உட்கார்ந்து நாமினேஷன், அதாவது பரிந்துரை, எழுத வேண்டும். நான் ஐந்தாறு எழுதியிருக்கிறேன். ஒரு விருதின் முதல் சுற்றில் வந்து குவிந்தவற்றைப் படித்துக் கழிக்கும் வேலையும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, நல்ல ஆட்கள் பலர் முதல் சுற்றிலேயே போய்விடுவதற்குக் காரணம் அவர்கள் செய்த வேலை இல்லை, அதைப் பற்றி எழுதியவர் செய்த வேலை. அதனால் இந்தக் கட்டுரை எழுதப் போகிறவருக்கு.

எந்த விருது?

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணினி வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஏசிஎம் கொடுக்கும் கிரேஸ் முர்ரே ஹாப்பர் விருது பெண்களுக்கானது என்று நினைப்பவர்கள் நிறைய. அது இளம் கணினி வல்லுநர்களுக்கானது. அந்தப் பங்களிப்பைச் செய்தபோது 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 1971-இல் அதை முதலில் வாங்கியவர் டொனால்ட் க்னூத் என்ற ஆண். பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கமும் அப்படித்தான், பெயர் கணினி நிரலின் முன்னோடி என்று சொல்லப்படும் ஏடா லவ்லேஸுடையது, பதக்கம் எல்லோருக்கும்.

பெண்களுக்கென்றே இருப்பவற்றை நான் மனசுக்குள் மூன்று கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆய்வாளர்களுக்கு: ஏசிஎம் 2006 முதல் தரும் அத்தீனா விரிவுரையாளர் விருது, கணினி அறிவியலில் அடிப்படையான பங்களிப்பு செய்தவர்களுக்கு. பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியல்-யுனெஸ்கோ விருது 1998 முதல் இருக்கிறது, ஆண்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 1,00,000 யூரோ. கணிதமும் கணினி அறிவியலும் 2019-இல்தான் அதற்குள் வந்தன. இந்த இரண்டுக்குமே தனக்குத் தானே விண்ணப்பிக்க முடியாது, இன்னொருவர்தான் பரிந்துரைக்க வேண்டும். தொழில்முனைவோருக்கு: கார்ட்டியே நகை நிறுவனம் 2006-இல் தொடங்கிய பெண்கள் முன்னெடுப்பு விருது. நல்ல மனசு மட்டும் போதாது, வருமானம் ஈட்டும் நிறுவனமாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கூடைதான் இங்கே நமக்கு முக்கியம், தலைமையும் சமூகத் தாக்கமும். அதில் முதலில் நினைவுக்கு வருவது ஏபி விருதுகள். கணினி அறிஞர் அனிதா போர்க், சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1994-இல் கணினித் துறைப் பெண்களுக்காகக் கிரேஸ் ஹாப்பர் கொண்டாட்டம் என்ற மாநாட்டைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய அமைப்புதான் இந்த விருதுகளைத் தருகிறது. தொழில்நுட்பத் தலைமை, சமூகத் தாக்கம் என்று தனித்தனிப் பிரிவுகள் அதில் உண்டு. ஒருவரையே இரண்டு பிரிவுக்கும் எழுதலாம்போலத் தோன்றும். தோன்றட்டும், ஆனால் ஒரே கட்டுரையை இரண்டுக்கும் அனுப்பாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். டிஜிட்டல் உலகில் பாலினச் சமத்துவத்துக்காக இயங்கும் ஈக்வல்ஸ் கூட்டமைப்பின் விருதுகள் தனிநபரைவிடத் திட்டங்களைத்தான் பார்க்கும். பொறியியல் பக்கம் இருப்பவர் என்றால் 1950-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெண் பொறியாளர் சங்கத்தின் சாதனை விருது. 1952-இல் முதலில் வாங்கியவர் சூரிய ஆற்றல் ஆய்வாளர் மரியா டெல்கெஸ், ஹாப்பருக்கு 1964-இல் கிடைத்தது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், விதிமுறையைப் படித்த கையோடு கடந்த மூன்று ஆண்டுகளில் வென்றவர்களைப் பற்றி அந்த அமைப்பு எழுதிய குறிப்புகளையும் படியுங்கள். விதிமுறையில் 'தலைமைப் பண்பு' என்று பொதுவாகத்தான் இருக்கும். வென்றவர்களைப் பற்றி அவர்களே எழுதிய நான்கு வரியில் எந்த வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். 'உருவாக்கினார்' என்று வருகிறதா, 'வழிகாட்டினார்' என்று வருகிறதா, 'மாற்றினார்' என்று வருகிறதா? நடுவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று தொடங்கி, கேடயத்துக்கும் விழா மேஜைக்கும் பணம் கேட்டு முடியும் மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் விருதெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன், சிறிய தொகையைப் பரிசீலனைக் கட்டணமாக வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் நடுவர்கள் யார் என்று எங்கேயும் போட்டிருக்காது, ஒரே ஆண்டில் எண்பது 'சிறந்த பெண் தலைவர்கள்' இருப்பார்கள், விண்ணப்பித்துத் தோற்ற ஒருவரைக்கூட நம்மால் கண்டுபிடிக்க முடியாது என்றால் அது விருது இல்லை, கடை.

தலைமை ஒரு பக்கம், தாக்கம் ஒரு பக்கம்

பரிந்துரைகளில் முக்கால்வாசி இங்கேதான் சறுக்குகின்றன. தலைமை என்றதும் பதவியை எழுதிவிடுகிறார்கள். 'இருபது பேர் கொண்ட அணியை வழிநடத்துகிறார்.' அது அவருடைய வேலை, அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நடுவருக்குத் தெரிய வேண்டியது வேறு: எல்லோரும் ஒரு பக்கம் போனபோது இவர் எடுத்த முடிவு என்ன, அதற்காக யாரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது, அது தவறாகப் போயிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும். சமூகத் தாக்கம் என்றால் கேள்வி அவரைப் பற்றியதே இல்லை. அவர் வருவதற்கு முன்பு மற்றவர்கள் எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதுதான். '400 பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்' என்பது பயிற்சி கொடுத்தவர் பட்ட சிரமத்தின் அளவு. அந்த 400 பேரில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து அந்தத் துறையில் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் தாக்கம். முதல் எண் எல்லோரிடமும் இருக்கும், இரண்டாவதற்கு ஆளாளுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். கேளுங்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விவரம் பதியும் செயலியில் வேலை செய்த ஒரு மென்பொருள் பொறியாளர். அவருக்கு வரும் பரிந்துரை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"சமூக அக்கறையும் தொழில்நுட்ப அறிவும் ஒருங்கே கொண்ட இவர், சுகாதாரப் பணியாளர்களின் நலனுக்காகச் சிறந்ததொரு செயலியை உருவாக்கி, எண்ணற்றோர் வாழ்வில் ஒளியேற்றியுள்ளார்."

இதைப் படித்த நடுவருக்கு எதுவுமே தெரியாது. இன்னும் முப்பது பேருக்கு இதே ஒளியை ஏற்றியிருப்பார்கள். இப்போது அந்தப் பொறியாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். செயலி அதற்கு முன்பே இருந்ததா? இருந்தது. அப்படியென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆஃப்லைனில் வேலை செய்ய வைத்தேன். ஏன்? அவர் கொஞ்சம் யோசிப்பார், பிறகு கதை வெளியே வரும். அதைக் கேட்டு எழுதினால் இப்படி வரும்:

"நெட்வொர்க் இல்லாத இடத்தில் பதிந்த விவரம் அழிந்துவிடும் என்பதால், பணியாளர்கள் பகலில் நோட்டில் எழுதி, இரவில் வீட்டில் உட்கார்ந்து அதையே செயலியில் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. இவர் இரண்டு நாள் அவர்களோடு நடந்து போய்ப் பார்த்தார். ஒரு வாரத்தில் தொலைந்த பதிவுகளை எண்ணி மேலிடத்தில் காட்டி, திட்டமிட்டிருந்த புதிய வசதிகளை மூன்று மாதம் தள்ளிப்போடச் சம்மதிக்க வைத்து, நெட்வொர்க் இல்லாமலும் இயங்கும் பதிப்பை நான்கு பேரோடு கட்டினார். இப்போது நோட்டு கிடையாது."

இரண்டாவதில் 'சிறந்த' இல்லை, 'அக்கறை' இல்லை. நடந்து போய்ப் பார்த்தார், எண்ணிக் காட்டினார், சம்மதிக்க வைத்தார், இவை தலைமை. இரவில் மறுபடி ஏற்றும் வேலை ஒழிந்தது, அது தாக்கம். தலைமைப் பிரிவுக்கு அனுப்பினால் அந்த மேலிடக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு பக்கத்துக்கு விரிக்க வேண்டும். சமூகத் தாக்கப் பிரிவுக்கு என்றால் அந்தக் கூட்டம் ஒரு வரி போதும், மீதி முழுக்கப் பணியாளர்களின் இரவுகள். ஒரே கட்டுரையை இரண்டுக்கும் அனுப்பாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

சான்று சேர்ப்பது

மேலே சொன்ன 'ஒரு வாரத்தில் தொலைந்த பதிவுகள்' என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு பிரச்சினை தீர்ந்துபோன பிறகு, அது இருந்தபோது எவ்வளவு மோசமாக இருந்தது என்ற கணக்கு யாரிடமும் இருக்காது. பழைய டேஷ்போர்டை மாற்றியிருப்பார்கள், புகார் வந்த மின்னஞ்சல் பெட்டியை மூடியிருப்பார்கள். அதனால் விருது அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அணியில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் இன்றைக்கே ஒரு கோப்பைத் திறந்து தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள், பழைய நிலையைக் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு. படம் எடுத்தால் யார் யார் நிற்கிறார்கள் என்று பெயரையும் எழுதி வையுங்கள். அமெரிக்காவின் தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக் 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் எழுதிய ஆறு பெண்கள் விமன் இன் டெக்னாலஜி இன்டர்நேஷனல் அமைப்பின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தது 1997-இல். படங்களில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், யார் என்று கேட்க ஆளில்லை.

அவரிடமே கேட்டு எழுதலாமே என்றால், கேட்கத்தான் வேண்டும், ஆனால் முதல் பதில் எப்போதும் 'நான் ஒன்றும் தனியாகச் செய்யவில்லை, டீம்தான்' என்று வரும். உண்மையாகவே டீம்தான் செய்திருக்கும். அதைப் பொய்யாக்க வேண்டாம், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: நீங்கள் அந்த ஆறு மாதம் விடுப்பில் இருந்திருந்தால் எது நடந்திருக்காது? இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் 'எல்லாமே நடந்திருக்கும்' என்று எனக்கு இதுவரை சொன்னதில்லை.

இன்னொரு சிக்கல், வேலை எவ்வளவு வெற்றியோ அவ்வளவு சாதாரணமாகத் தெரியும். நிரல் மொழிகளை வடிவமைக்கும் முறைகளை ஆய்ந்த பார்பரா லிஸ்கோவுக்கு, கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது 2008-க்கு அறிவிக்கப்பட்டபோது, இதெல்லாம்தான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே, இதற்கா விருது என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்ததாக ஆனதே அவரால்தான் என்பது அந்த ஆளுக்குத் தெரியவில்லை. உங்கள் நடுவருக்கும் தெரியாது. 'அந்தக் காலத்தில் வழக்கம் என்னவாக இருந்தது' என்று ஒரு பத்தி எழுதிவிடுவது நல்லது. (டூரிங் விருது 1966 முதல் தரப்படுகிறது, முதன்முதலாக ஒரு பெண், பிரான்சஸ் ஆலன், அதைப் பெற்றது 2006-க்கான விருதில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஆதரவுக் கடிதங்கள்

பெரும்பாலான விருதுகள் இரண்டு மூன்று ஆதரவுக் கடிதம் கேட்கும். பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கினால் எடை கூடும் என்று நினைத்து, நாம் பரிந்துரைக்கும் பெண்ணை இரண்டு முறை மட்டுமே பார்த்த இயக்குநரிடம் போய் நிற்கிறோம். அவரும் பெருந்தன்மையாக எட்டு வரி எழுதிக் கொடுப்பார். அதைவிட, அந்தப் பெண்ணோடு சண்டை போட்டுவிட்டு பிறகு ஒப்புக்கொண்ட ஒரு சக பொறியாளரின் கடிதம் பத்து மடங்கு தேவலாம். சமூகத் தாக்கம் என்றால் பயனடைந்தவர் ஒருவரின் கடிதம் கண்டிப்பாக வேண்டும். மூன்று பேரும் ஒரே கதையைச் சொல்லாமல் ஆளுக்கு ஒரு பக்கத்தைச் சொல்லும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள், கொடுத்துவிட்டு நான்காவது வாரம் நினைவூட்டுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் பெயரடைகளைப் பாருங்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை எடுத்துப் படித்தது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாக நீளம் குறைவு. 'கடின உழைப்பாளி' வகைச் சொற்களும் லேசாகச் சந்தேகம் கிளப்பும் வாக்கியங்களும் அவற்றில் அதிகம். ஆணைப் பற்றி எழுதும்போது 'அவருடைய ஆய்வு' என்று வந்த இடத்தில், பெண்ணைப் பற்றி எழுதும்போது 'அவருடைய கற்பித்தல்' என்று வந்தது. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. நம்மிடமும் இதே கோளாறு உண்டு: அயராத உழைப்பாளி, எளிமையானவர், பழக இனியவர், அணிக்கே தாய் போன்றவர். பணி ஓய்வு விழாவில் பேச இது சரி. விருது நடுவர் இதைப் படித்துவிட்டு, 'சரி, நல்லவர், என்ன செய்தார்?' என்றுதான் கேட்பார். இப்படிக் கடிதம் வந்தால் எழுதியவருக்கே போன் போட்டு, 'அந்த உழைப்பில் எது உங்களை அசர வைத்தது, அந்த ஒரு சம்பவத்தைச் சேர்க்க முடியுமா' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தனக்குத் தானே எழுதலாமா?

விதி அனுமதித்தால் எழுதலாம், தயங்க ஒன்றுமில்லை. கூச்சமாக இருந்தால் முதல் வரைவை 'அவர்' என்று படர்க்கையில் எழுதி, முடித்த பிறகு 'நான்' என்று மாற்றுங்கள், சொல்ல வராததெல்லாம் வந்துவிடும். விதி அனுமதிக்கவில்லை என்றால் உங்களை அறிந்த ஒருவரிடம் 'என்னைப் பரிந்துரைப்பீர்களா, தேவையான குறிப்பெல்லாம் நான் தருகிறேன்' என்று நேரடியாகக் கேளுங்கள். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. ஆச்சரியத்தோடு மேடை ஏறுகிறவர்களில் பலர் ஆறு மாதம் முன்பே தன் வேலைக் குறிப்புகளைத் தொகுத்துக் கொடுத்தவர்கள்தான்.

கடைசி வாரம்

சொல் வரம்பு 500 என்றால் 500-தான். படிவத்தில் ஒட்டினால் மீதி துண்டிக்கப்பட்டு, பாதி வாக்கியத்தோடு போய்ச் சேரும், அப்படி நின்றுபோன பரிந்துரைகளை நானே படித்திருக்கிறேன். நிறுவனத்தின் உள் எண்களைப் பயன்படுத்தினால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பயனடைந்தவர்களின் படத்துக்கும் பெயருக்கும் அதேபோல. உதவி பெற்றவர் என்று ஊர் முழுக்கத் தெரிவதில் அவருக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். அப்புறம், இந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் முதல் பத்தியை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வரவில்லை என்றால் அன்று இரவு தூக்கம் போனாலும் பரவாயில்லை, அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.

நான் எழுதிய முதல் பரிந்துரை முதல் சுற்றிலேயே போனது. படித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: முதல் பக்கம் முழுக்க அவருடைய படிப்பும் பதவிகளும், உருப்படியான சம்பவம் மூன்றாம் பக்கத்தின் நடுவில். அடுத்த ஆண்டு புதிதாக எதையும் எழுதவில்லை. முதல் பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தச் சம்பவத்தை மேலே கொண்டுவந்தேன், ஒரு கடிதத்தை மாற்றினேன். இறுதிப் பட்டியல் வரை போனார், விருது இன்னொருவருக்கு. ஆனால் அந்தக் கோப்பை அவர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு மாதம் கழித்துப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது, அதற்கு அதையே எடுத்துப் போனார்.